பாரந்தூக்கிகள் ஆடிய சதுக்கம்

எண்பதுகளில் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, நகர ரயிலேறி மேற்கே புகுந்த எம்மவருள் நாமும் அடங்குவோம். அந்நாளில் பொட்ஸ்டாமர் சதுக்கம் மதிலோரத்தே முயல்கள் திரிந்த வெறும்வெளி. இரண்டாம் உலகப்போரின் குண்டுகள் அழித்த இடம். 1989இல் மதில் திறந்தது. பின்னர் அங்கே பாரந்தூக்கிகள் காடாய் எழுந்தன. ஒரு நகருக்குள் பணம் புகுந்தமைக்கு முதற்சாட்சி அவைதாமே! 1996 ஒக்டோபரில் இசைஞர் டானியல் பாரென்போயிம் கோலசைக்க, பேத்தோவனின் இசைக்கு அவை கரமசைத்து ஆடின. நகரம் மகிழ்ந்தது. யாழ்ப்பாணம் ஒரே இரவில் இடம்பெயர்ந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அழிவுக்கும் பாரந்தூக்கிக்கும் இடையே இங்கு அரை நூற்றாண்டு சென்றதெனப் பிள்ளைகளுக்குக் கணக்கிட்டுரைத்தோம். ஆசிரியப் பழக்கம் விடுமா? மூத்தவள் விரல்மடித்து எண்ணினாள். "அப்படியெண்டால் எங்கட வீட்டுக்கு அப்பா?" என்றாள்.