சோளகமும் வாடையும் களுபோவிலவில்

"கொழும்பில என்ன மாரி, என்ன கோடை? வருசம் முழுக்க வேர்வைதானே!" யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும் சொந்தக்காரர் எல்லாரும் இதைச் சொல்வார்கள். வெப்பமானியை மட்டும் பார்த்தால் சரிதான். தைக்கும் சித்திரைக்கும் இரண்டு பாகைதான் வித்தியாசம். ஆனால் கொழும்பின் புறநகரான களுபோவிலவிலிருந்து விடியப்புறத்தில் பெல்லன்வில சதுப்புநிலப் பக்கம் நடந்து பழகியவருக்கு இந்த ஊரின் பருவங்கள் நன்றாகவே தெரியும்.

வைகாசியில் சோளகம் கிளம்பும். யாழ்ப்பாணத்தில் புழுதியை எழுப்பும் அதே காற்று இங்கே மழையாகக் கொட்டுகிறது. நடைபாதையோரப் புல் முழங்காலுக்கு வளர்ந்துவிடும். அந்த மழை வெள்ளத்தை வாங்கி வைப்பது இந்தச் சதுப்புநிலம்தான். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்து நகரமே மூழ்கியது. சதுப்பை நிரவி வீடு கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை அன்று எல்லாரும் கண்டார்கள். இன்றும் ஓரங்களில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடப்பதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

புரட்டாதி, ஐப்பசியில் காற்று வாடைக்குத் திரும்பும்போது விருந்தாளிகள் வருகிறார்கள். முதலில் கண்ணில் படுவது மின்கம்பியில் வரிசையாக உட்காரும் நீலவால் பஞ்சுருட்டான்கள். தும்பியைப் பறந்து பிடித்து, கம்பியில் அடித்து விழுங்கும். பிறகு தகைவிலான்கள். மாலை மங்கும் நேரத்தில் யாருடைய வீட்டுத் தோட்டத்திலாவது ஆறுமணிக் குருவி கூப்பிடும். இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதிக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மாரியைக் கழிக்க இந்தத் தீவுக்கு வருகிற குருவி அது. உள்ளங்கை அளவு உடம்புக்குள் அவ்வளவு பயணம்! யாழ்ப்பாணத்துத் தாவடியில் என் அம்மம்மா வீட்டு வேலியோரம் கேட்ட அதே குரலைக் களுபோவிலவின் மதிலுக்குள்ளிருந்து கேட்கும்போது மனம் நிறைந்துபோகிறது.

பங்குனியில் குயில் ஓயாது. முள்முருக்கு இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும். சிங்கள அயலவர்களும் நாங்களும் சித்திரைப் புத்தாண்டு நெருங்குவதை அறிவது இந்த இரண்டாலும்தான். வந்த விருந்தாளிகள் அப்போது புறப்படத் தொடங்கிவிடுவார்கள்.

போகாமல் இங்கேயே இருப்பவர்களில் எனக்கு மிகவும் பிடித்தது நீளவால் இலைக்கோழி. நீண்ட விரல்களால் மிதக்கும் இலைகளின் மேல் நடக்கும். இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் அந்தக் கறுத்த வால் வளைந்து நீளும், பிறகு உதிர்ந்துவிடும். பெட்டை முட்டையிட்டுவிட்டு வேறு சேவலைத் தேடிப் போக, அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது சேவல்தான். ஆபத்து வந்தால் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டு ஓடும்.

இந்தப் பெல்லன்வில–அத்திடிய சதுப்புநிலம் 1990இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2018இல் கொழும்பு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டது. இரண்டும் பெரிய விசயங்கள். ஆனாலும் வெள்ளவத்தையில் இருக்கும் என் நண்பர்களில் அநேகருக்கு இப்படியொரு இடம் இருப்பதே தெரியாது. ஐப்பசி பிறந்ததும் ஒரு ஞாயிறு விடிய வாருங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். வெயில் ஏறுமுன் வரவேண்டும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.