போகிற இடத்திலும் குடும்பம்

மார்மன் என்ற பெயரை நம் வயதுக்காரர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்பட்டவர்களும் இரண்டு விஷயம்தான் சொல்வீர்கள். பல தாரம் கட்டியவர்கள், காபி குடிக்காதவர்கள். முதலாவது பழைய கதை. பலதார மணத்தை அவர்களுடைய சபை 1890-லேயே கைவிட்டுவிட்டது. இரண்டாவது இன்றைக்கும் உண்மை. காபி, டீ, மது, புகையிலை நாலும் அவர்களுக்கு ஆகாது. என் வீட்டம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அந்த சொர்க்கம் உங்களுக்கு சரிப்படாதுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

நான் இதைத் தேடிப் படிக்கக் காரணம் ஒரு நண்பர். பாடியில் ஒரே தொழிற்சாலையில் முப்பது வருஷம் சேர்ந்து ஷிப்டு பார்த்தவர்கள் நாங்கள். அவர் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகன் மார்மன் சபையில் சேர்ந்துவிட்டான். போன மாதம் போன் செய்து, "அப்பா, அம்மாவுக்கு இங்கே ஞானஸ்நானம் கொடுக்கணும். உங்க சம்மதம் வேணும்" என்று கேட்டிருக்கிறான். நண்பர் ஆடிப்போய்விட்டார். "செத்துப்போனவளுக்கு ஞானஸ்நானமா சார்? அதுவும் பிறந்ததிலிருந்து சர்ச்சுக்குப் போனவளுக்கு?" என்று என்னிடம் வந்து கேட்டார். சைவனான என்னிடம் கேட்டு என்ன பயன்? ஆனாலும் கேட்டுவிட்டார். அதனால் படித்தேன்.

அந்த சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஜோசப் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. மார்மன் புஸ்தகம் என்ற நூல் வெளிவந்ததும் அதே வருஷம்தான். 1844-ல் அவரைச் சிறையில் வைத்தே ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவருக்குப் பின் பிரிகாம் யங் தலைமையில் பெரும்பகுதியினர் மேற்கே போய், 1847-ல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். நம் ஊருக்கும் அவர்கள் புதியவர்கள் இல்லை. ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஊழியக்காரர் 1853-லேயே மதராசுக்கு வந்து பிரசங்கம் செய்து, பத்திரிகையும் நடத்திப் பார்த்திருக்கிறார். அதிகம் பேர் சேராததால் மறு வருஷமே கிளம்பிவிட்டார். இப்போது பெங்களூரில் அவர்களுக்கு ஒரு ஆலயம் என்று 2018-ல் அறிவித்து, 2020 டிசம்பரில் கட்டுமானம் தொடங்கினார்கள்.

அவர்கள் சொல்லும் மறுமை இதுதான். இறந்ததும் ஆவி உடனே தீர்ப்புக்குப் போவதில்லை. ஆவிகளின் உலகம் ஒன்றில் காத்திருக்கும். இங்கே நல்ல செய்தியைக் கேட்க வாய்ப்பில்லாதவர்களுக்கு அங்கே கேட்க வாய்ப்பு உண்டு. உயிர்த்தெழுந்த பிறகு மூன்று மகிமைகள். ஒன்று சூரியனைப் போல, ஒன்று சந்திரனைப் போல, ஒன்று நட்சத்திரங்களைப் போல. ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதாவது ஓர் இடம் கிடைத்துவிடும். நிரந்தர நரகம் மிகச் சிலருக்குத்தான். சூரிய மகிமையின் உச்சப் படியில் இருப்பவர்கள் கடவுளைப் போலவே ஆகலாம். அந்தப் படிக்குத் தனியாளாகப் போக முடியாது. ஆலயத்தில் நித்தியத்துக்கும் சேர்த்து முத்திரிக்கப்பட்ட கணவன் மனைவியாகத்தான் போக முடியும்.

மனிதன் கடவுளைப் போல ஆகலாம் என்பதுதான் மற்ற கிறிஸ்தவ சபைகளுக்கு ஆகவே ஆகாத பேச்சு. கடவுளும் ஒரு காலத்தில் மனிதனைப் போல இருந்தவர்தான் என்று ஸ்மித், தான் இறப்பதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு ஒரு பிரசங்கத்தில் சொன்னார். மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று வாத்திகன் 2001-ல் அறிவித்ததற்கு, கடவுளைப் பற்றிய இந்த வித்தியாசமே அடிப்படை.

நமக்கு இதில் பாதி அதிர்ச்சிகூட வராது. சிவன் கோயில் பிரகாரத்தில் அறுபத்து மூவர் வரிசையாக நிற்கிறார்களே, அவர்கள் யார்? குயவர், வேடர், வண்ணார், செக்கு ஆட்டியவர், அரசர். எல்லோரும் மனிதர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டுகிறோம்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. உயிரைக் கடவுள் படைத்தார் என்பதே பொதுவான கிறிஸ்தவக் கொள்கை. மார்மன்களோ, உயிரின் மூலம் படைக்கப்பட்டதே இல்லை, அது என்றும் உள்ளது என்கிறார்கள். நம் சைவ சித்தாந்தமும் பதி, பசு, பாசம் மூன்றும் ஆதி இல்லாதவை என்றுதான் சொல்கிறது. நமக்கும் படிகள் உண்டு: சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம். இறைவன் உலகில் வாழ்வது, அருகில் இருப்பது, அவன் உருவம் பெறுவது, அவனோடு கலப்பது. ஆனால் அந்தக் கடைசிப் படியிலும் உயிர் சிவனாகிவிடுவதில்லை. அவனோடு பிரிவில்லாமல் இருந்து இன்பம் அனுபவிக்கும். படைப்பது முதலான ஐந்தொழில் அவனுடையதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லோரும் தெய்வத்தன்மை அடையலாம் என்று சொன்ன அந்த சபை, 1978 வரை கறுப்பினத்தவருக்கு குருத்துவத்தையும் ஆலயத்தின் உயர்ந்த சடங்குகளையும் மறுத்து வந்தது. நாம் சிரிக்க வேண்டாம். நந்தனாரை நாயன்மார் வரிசையில் நிறுத்திக் கும்பிட்டுக்கொண்டே, அவர் குலத்தாரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய ஊர் நம்முடையது.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இறந்தவருக்காக உயிரோடு இருக்கும் ஒருவர் ஆலயத்துத் தொட்டியில் மூழ்கி எழுவார். அதுதான் அந்த ஞானஸ்நானம். அதை ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் இஷ்டம் என்பது அவர்கள் நம்பிக்கை. இனப்படுகொலையில் இறந்த யூதர்களுக்கும் சிலர் இப்படிச் செய்துவிட, யூதர்கள் கொதித்துப் போனார்கள். அதை நிறுத்துவதாக சபை 1995-ல் ஒப்புக்கொண்டது. கடந்த 110 வருஷத்துக்குள் பிறந்தவர் என்றால் மிக நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும். மனைவிக்கு நெருங்கிய உறவு கணவன்தானே? அதனால்தான் பையன் அப்பாவைக் கேட்டான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நண்பரிடம், "நாங்க திவசத்துக்குப் பிண்டம் வைக்கிறோம், கயாவுக்குப் போறோம். போனவங்களுக்கு இங்கிருந்து ஏதாவது செய்ய முடியும்னு நாங்களும்தான் நம்புறோம். உங்க பையன் அம்மாவை மாத்தப் பார்க்கலை சார். விட முடியாமத்தான் கேக்கறான்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எங்க பாஸ்டர் கல்யாணத்துல என்ன சொன்னார் தெரியுமா? மரணம் பிரிக்கும்வரைன்னு. பிரிச்சாச்சு. இவன் அதுக்கு அப்புறமும் உண்டுங்கறான்" என்றார். குரல் கம்மிவிட்டது.

அப்போது எனக்கு நம் ஊர்க் கோயில் ஞாபகம் வந்தது. பாடி திருவலிதாயத்தைப் பாடியவர் ஞானசம்பந்தர். அவர் எப்படிப் போனார்? நல்லூர்ப் பெருமணத்தில் தன் கல்யாணத்தன்றே, மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, வந்திருந்த கூட்டத்தோடு ஜோதிக்குள் நுழைந்தார் என்கிறது பெரியபுராணம். தில்லையில் திருநீலகண்டரும் மனைவியும் ஒரு சபதத்தால் இளமை முழுவதும் தொடாமலே ஒரே வீட்டில் வாழ்ந்து கிழமானவர்கள். கடைசியில் ஒரு மூங்கில் கழியின் இரண்டு முனையையும் பிடித்துக் குளத்தில் மூழ்கி, இளமையோடு எழுந்து, இருவருமாகவே சிவலோகம் சேர்ந்தார்கள். சித்தாந்தப்படி உறவெல்லாம் இந்த உடம்போடு சரி. ஆனால் கதை சொல்லும்போது நம்மவர்களுக்கும் தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

தெய்வமாக ஆவது யாருக்கு வேண்டியிருக்கிறது? ஐம்பது வருஷம் கூட இருந்தவளை மறுபடி பார்க்க முடியுமா என்பதுதான் நம் வயதில் கேள்வி. மார்மன்கள் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்டுச் சிரிக்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

நண்பர் மகனுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லிவிட்டார். "இப்ப வேண்டாம்பா. அவளை முன்னாடி தனியா அனுப்ப எனக்கு இஷ்டம் இல்லை. நானும் போனதுக்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் சேர்த்துச் செய். வேணும்னா நாங்க ஏத்துக்கறோம், வேண்டாம்னா விட்டுடறோம். அங்கே ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கறோம்."

பையன் சரி என்று சொல்லிவிட்டானாம்.