வரியில்லா ஊரும் வாழ்க்கைக் கணக்கும்

சென்ற மாதம் ஓரிரவு, கலிபோர்னியாவிலே பொறியியலாளனாக இருக்கும் என் தம்பி தொலைபேசியில் அழைத்தான். டெக்ஸாஸ் மாநிலத்தில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. குடும்பத்தோடு அங்கே பெயர்ந்துவிட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்பது அவன் எண்ணம். "அண்ணா, பொருளியல் படிப்பிக்கிறவர் நீங்கள், கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றான்.

பார்த்தேன். மத்திய அரசின் வருமான வரி எங்கே போனாலும் ஒன்றுதான். கலிபோர்னியாவின் மாநில வரியோ 1 சதவீதத்தில் தொடங்கி, பெருஞ் செல்வந்தருக்கு 12 சதவீதத்துக்கு மேலும் ஏறுவது. டெக்ஸாஸ் மக்கள் 2019 ஆம் ஆண்டில் வாக்களித்து, அத்தகைய வரியைத் தடை செய்து தம் அரசியலமைப்பைத் திருத்திவிட்டனர். வீட்டு விலையும் அங்கே மலிவு.

ஆனால், ஒரு வாசலை அடைத்த அரசு மறு வாசலால் வாங்காதிருக்குமா? டெக்ஸாஸில் பாடசாலைகளுக்கு வேண்டிய பணத்தின் பெரும் பங்கை வீட்டுக்காரரின் சோலை வரியே தருகிறது. பல ஊர்களில் அது 2 சதவீதத்தை அண்மித்தது. 400,000 டொலர் பெறுமதியான வீட்டுக்கு, சலுகைகளைக் கழிக்குமுன், வருடத்துக்கு 8,000 டொலர். கலிபோர்னியாவிலோ, 1978 ஆம் ஆண்டின் வாக்கெடுப்புக்குப் பின், அடிப்படை வரி 1 சதவீதம்; வீடு கைமாறும் வரை வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறலாகாது. தம்பி 2010 இல் வாங்கிய வீட்டின் விலை இரு மடங்குக்கு மேல் உயர்ந்தும், வரி பழைய விலையையே தழுவி நிற்கிறது. விற்றால் அந்தச் சலுகை போயிற்று. டெக்ஸாஸின் கோடைக்கால மின்சாரச் செலவையும் புயலுக்கஞ்சிக் கட்டும் வீட்டுக் காப்புறுதியையும் சேர்த்தேன். அப்படியும் டெக்ஸாஸ் பக்கமே சிறிது மிஞ்சியது.

எனினும், பேனாவை மூட மனம் வரவில்லை. 2011 ஆம் ஆண்டில் நானும் இப்படியொரு கணக்குப் போட்டுத்தான், கூடிய சம்பளத்தை நம்பி, யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்குச் சென்றேன். வெள்ளவத்தை வாடகை அந்த உயர்வை விழுங்கியது. வீட்டிலே கிணற்று நீரும் முற்றத்து முருங்கையும் சும்மா கிடைத்தவை. அங்கே எல்லாவற்றுக்கும் காசு. இவையெல்லாம் எழுதக்கூடிய நட்டங்கள். தந்தையார் நோயுற்ற செய்தி கேட்டு, இரவு பஸ்ஸில் புறப்பட்டு விடியலில் வந்து சேர்ந்தபோது, அவர் பேச்சு நின்றிருந்தது. கடைசியாக என்னைக் கேட்டார் என்பதை அயலவர் சொல்லி அறிந்தேன். அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

எங்கள் தாயார் இன்று தம்பியோடு இருக்கிறார். அவருக்குப் பழகிய வைத்தியரும், மாலையில் பேசிக்கொண்டு நடக்க இரண்டு தமிழ் முதியவர்களும் அங்கேதான் உண்டு.

ஆதலால் தம்பிக்கு இரண்டே புத்தி சொன்னேன்: "வீட்டை விற்காதே, வாடகைக்குக் கொடுத்துவிட்டு, அங்கே ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார். அந்த வாடகை வருமானத்துக்குக் கலிபோர்னியா வரி கேட்கும்; கேட்கட்டும். அதற்குமுன் அம்மாவைக் கேள்." அவன் சற்று நேரம் பேசவில்லை. அம்மாவிடம் அவன் இன்னும் சொல்லவேயில்லை!

மறுவாரம் அம்மாவே பேசினார். "ஒரு வருடந்தானே, போய்ப் பார்ப்போம் ராசா. என்னையும் ஒரு சொல்லுக் கேட்டானே, அது போதும்" என்றார்.