சுவருக்குள் செத்த எலி

தை அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எங்கள் மேலூர்ப் பக்கத்து எலிகளுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று கொழுத்தவை, மச்சில் ஏறிக் குடித்தனம் நடத்தும்!

போன வருஷம் என் வீட்டுக்காரர் எலி மருந்துக் கட்டி வாங்கி வைத்தார். "தின்ன எலி தண்ணி தேடி வெளிய போய்ச் செத்துரும்" என்றாராம் கடைக்காரர். எங்கே போகிறது! இந்த மருந்து ரத்தம் உறையாமல் செய்து, நாலைந்து நாள் கழித்துத்தான் கொல்லும். சோர்ந்த எலி வளைக்குள்தான் போய்ப் படுக்கும். ஐந்தாம் நாள் படுக்கையறைச் சுவரிலிருந்து குடலைப் புரட்டும் நாற்றம்.

ஆளுக்கொரு யோசனை: சாம்பிராணி, பினாயில், ஊதுபத்தி. என் மாமியார் மட்டும், "ஏத்தா, நாத்தத்தை மூடாத, எடுத்துப் போடு. ஈ எங்க மொய்க்குதுன்னு பாரு" என்றார். பச்சையாய் மினுக்கும் பெரிய ஈக்கள், மச்சுப் பலகை சுவரைத் தொடும் மூலையையே சுற்றின. எறும்புச் சாரையும் அங்கேதான். கொத்தனார் ஒரு செங்கல்லைப் பெயர்த்ததும் கிடைத்துவிட்டது.

எடுக்குமுன் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிஷம் விடவேண்டும். வறட்டு விளக்குமாறு போடக்கூடாது. எலிப் புழுக்கைத் தூசி மூக்கில் ஏறும். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சலும் வரும். ஆகையால் மூக்கில் துணி, கையில் பாலிதீன் பை. அந்தத் தண்ணீரோடு ஆசிட் சேர்ந்தால் விஷவாயு, ஜாக்கிரதை! சுவரை உடைக்க முடியாத வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்து, தட்டில் அடுப்புக்கரி பரப்பிப் பொறுத்திருக்க வேண்டியதுதான். சுண்டெலி என்றால் ஒரு வாரம், பத்து நாள். பெரிய எலிக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும்.

நாற்றத்தை விட என்னைப் பதற வைத்தது வேறு. மச்சைத் துழாவியபோது, எலி இழுத்துப் போட்ட பாதி மருந்துக் கட்டி, தொட்டிலுக்கு நேர் மேலே பலகை இடுக்கில் தொங்கியது. பத்து மாதக் குழந்தை, எதையும் வாயில் வைக்கும் பருவம்! பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை இன்னும் பொல்லாதது. தின்ற குழந்தை ஓரிரு நாள் சௌக்கியமாய் இருப்பது போலவே தெரியும். அதற்குள் ஈரல் கெட்டுவிடும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. எந்த எலி மருந்தானாலும், குழந்தை தொட்டு வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், மருந்து அட்டையோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் பொறிதான். கருவாட்டுத் துண்டுக்கு வராத எலி இல்லை. காலையில் பிணத்தைத் தேடும் வேலையும் இல்லை. பொந்தைக் கண்ணாடித் தூளும் சிமெண்டும் குழைத்து அடைத்தாயிற்று. சுண்டெலிக்குச் சுண்டுவிரல் நுழையும் சந்து போதும். தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.