பொய் சொல்லாத ஊசி

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதை கண்ணுக்கு விருந்து, எஞ்சினுக்கோ சோதனை. கொட்டகலைக்கு அப்பால் டெவன், சென் கிளயார் நீர்வீழ்ச்சிகளைக் கண்டு மகிழ்ந்து, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா எனத் தேயிலை மலைகளை வளைந்து வளைந்து ஏறினால், கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் குளிர்ந்து கிடக்கிறது நுவரெலியா. ஹட்டனைவிட ஏறக்குறைய 600 மீற்றர் உயரம்!

இந்நகருக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு பழையது. மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. பிற்காலத்தில் இறக்குமதித் தடைகளும் வந்தன. 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025இலேதான் மீண்டது. பழைய வண்டிகளைப் பேணும் கைத்திறன் இந்நாட்டில் அழியாதிருப்பதில் வியப்பென்ன?

அண்மையில், நகரின் ஒதுக்குப்புறத்திலுள்ள தகரக் கொட்டகையொன்றுக்குச் சென்றிருந்தோம். 1950களின் எம்.ஜி. டி.டி. பந்தயக் காரைப் போலவே ஒரு கார் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. உடல் புதிது; முன்பலகையில் பொருத்தவிருந்த மானிகளோ ஸ்மித்ஸ் நிறுவனத்தின் பழையவை.

"அழகுக்காகத்தானே?" என்று வினவினோம்.

"அழகு மட்டும் போதாதுங்க, ஐயா. மலையிலே ஊசி உண்மை சொல்ல வேணும்" என்றார் முதிய மெக்கானிக்.

வெப்பமானியை அவர் கையாண்ட விதம், பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலிருந்தது. அதன் நுனியிலுள்ள குமிழில் ஈதர் அடைபட்டிருக்கிறது. சூடேறினால் அதன் ஆவி மெல்லிய செப்புக்குழாய் வழியே அழுத்தி ஊசியை நகர்த்தும். குழாயை வெட்டினாலோ மடித்து முறித்தாலோ மானி செத்ததுதான். ஆதலால் மிஞ்சிய குழாயைச் சுருளாகச் சுற்றி, தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இட்டார்.

பொருத்துமுன் ஒரு சோதனை. கேத்தலில் நீர் கொதித்தது. குமிழை அமிழ்த்தினார்கள். ஊசி 200 பாகை ஃபாரன்ஹீட்டைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது.

"அண்ணே, 212 காட்டவேண்டுமே! ஊசியைக் கொஞ்சம் திருப்பி வைக்கட்டுமா?" என்று திருப்புளியை எடுத்தான் உதவியாளனாகிய இளைஞன்.

"தொடாதே தம்பி! ஊசி சரியாத்தான் இருக்கு. இந்த உயரத்திலே தண்ணி 201லேயே கொதிச்சிடும்."

நாமும் திகைத்தோம். உயரம் கூடக் காற்றின் அழுத்தம் குறையும். நீரும் விரைவில் கொதிக்கும். பள்ளியிற் படித்ததுதான், ஆனால் அதன் பொருள் அன்றே விளங்கிற்று. அழுத்த மூடியில்லாத பழைய ரேடியேட்டரோடு நானுஓயா ஏற்றத்தில் செல்பவர், "212 வரவில்லையே" என்று காத்திருந்தால், நீர் கொதித்து வழிந்து, எஞ்சினின் தலைப்பகுதியே வெப்பத்தில் வளைந்துவிடலாம்.

வேகமானிக்கும் இதே நியாயந்தான். ஒரு மைலுக்கு அதன் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும் என்பது மானிக்கு மானி வேறுபடும். புதிய வண்டியின் சக்கரமும் பற்சக்கரமும் அதற்கு ஒவ்வாவிடில், அழகிய ஊசி ஓயாமல் பொய்யுரைக்கும். போதாக்குறைக்கு, மானி பேசுவது மைலில். சாலையோரக் கற்கள் பேசுவதோ கிலோமீற்றரில்!

நாம் விடைபெறும் வேளையில் அவ்விளைஞன், வெப்பமானியின் கண்ணாடிமேல் 200க்குச் சற்று முன்பாகச் சிவப்பு மையால் சிறு கோடொன்று இட்டுக்கொண்டிருந்தான். திருப்புளி பெட்டிக்குள் போய்விட்டிருந்தது.