வாசிச்சுக் காட்டு

"எழுதனத எனக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டிட்டுப் போடுப்பா."

டீக்கடையில் அடிபட்ட பையனோட ஆயா இப்படிக் கேட்டபோது முடியாது என்றுதான் சொன்னேன். 2017. நாளிதழ் ஒன்றில் சேர்ந்து இரண்டு வருஷம். பேட்டி கொடுத்தவரிடம் அச்சுக்கு முன்னால் காட்டக்கூடாது என்பது ஆசிரியர் சொல்லித் தந்த முதல் பாடம். காட்டினால் அதை வெட்டு, இதை மாத்து என்பார்கள், செய்தி விளம்பரமாகிவிடும். நியாயந்தான்.

அதே வாரம் அந்த ஊர் இன்ஸ்பெக்டர் சொன்ன நாலு வரியை, அவர் கேட்டார் என்பதற்காக, ஆசிரியரே போனில் வாசித்துக் காட்டினார். 'தாக்குதல்' போய் 'தகராறு' வந்தது.

மறுநாள் பஸ் ஏறிச் சேரிக்குப் போனேன். ஆயா திண்ணையில் காலை நீட்டிக்கிட்டுக் கேட்டுச்சு. 'கதறி அழுதார்' என்ற இடத்தில் நிறுத்துச்சு.

"நா எங்கடா அழுதேன்? அவன் சட்டையப் புடிச்சி இல்ல கேட்டேன்!"

ஆமாம். அப்படித்தான் டேப்பிலும் இருக்கிறது. சேரிக் கிழவி என்றால் அழுதே ஆகணும் என்று என் பேனாவுக்கு யார் சொன்னது? நானும் சேரியில் பிறந்தவன்தான்.

அடித்ததைப் பார்த்தவரின் வீட்டை, ஓடையோரம் மூணாவது வீடு என்று வர்ணனைக்காகப் போட்டிருந்தேன்.

"அந்த வூட்டு ஆம்பள அவனுங்க கழனிக்குத்தான் கூலிக்குப் போறான். அவுங்க சோத்துல மண்ணப் போட்டுடாத."

சாட்சியின் பெயர், முகவரியை மறைக்க வழிசெய்யும் 15ஏ பிரிவு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்ந்து 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றிச் செய்தி எழுதியவனே நான். அந்த வரியை அங்கேயே அடித்தேன்.

கடைசியாக, பையனின் அப்பன், ஆயாவோட மகன், பணம் வாங்கிக்கிட்டு ராஜிக்குப் போனது.

"அத எடுத்துடு. மானம் போவுது."

"நடந்ததுதானே ஆயா. எடுக்க மாட்டேன்."

வெத்திலையை மென்னுக்கிட்டு ரொம்ப நேரம் பேசலை.

"சரி, இருந்துட்டுப் போவுது. எம்புள்ள வாங்கனான்னு போடற இல்ல, எவன் குடுத்தான்னும் போடு."

பேரைச் சொல்லுச்சு. ஊர்ப் பெரிய மனுஷன். நாலு பேரிடம் விசாரித்து, உறுதியானதும் எழுதினேன். ஆசிரியர் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டினார். மகன் பணம் வாங்கியது அப்படியே அச்சாகி வந்தது.