பெயர் வெட்டிய வெள்ளி

ஏலம் என்றதும் நம் பெண்களுக்கு ஞாபகம் வருவது ஏலச்சீட்டுதான். அதற்கு அடுத்தபடி, செய்தித்தாளின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் அடகு நகை ஏல அறிவிப்பு. பழைய வெள்ளிச் சாமான்களை ஏலத்தில் எடுத்துச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு என்று சொன்னால், "அடுத்தவங்க கண்ணீராச்சே அது! அதையா காசு கொடுத்து வாங்கறே?" என்று கேட்காத சிநேகிதி கிடையாது.

நியாயமான கேள்விதான். அந்தக் கண்ணீரை எங்கள் வீட்டிலேயே பார்த்தவள் நான்.

1969-ல் அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்காக அப்பா ஒரு ஜோடி பன்னீர்ச் சொம்பை அடகு வைத்தார். பாட்டியின் கல்யாணச் சீர் அது. வெள்ளி ரூபாய்களைக் கொடுத்து, பத்தர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, உருக்கி அடித்து வாங்கியதாம். அந்த நாளில் பாத்திரத்தின் எடையைச் சொல்வதும் ரூபாய்க் கணக்கில்தான். ஒரு வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 1940-க்கு முந்திய ரூபாயில் நூற்றுக்கு 91 பங்குக்கு மேல் வெள்ளி இருந்தது. யுத்த காலத்தில்தான் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். எங்கள் சொம்பு முந்திய காசில் செய்தது. அடியில் புள்ளி புள்ளியாகப் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கும்.

கெடுவுக்குள் மீட்க முடியவில்லை, ஏலத்துக்குப் போய்விட்டது. அம்மா அழவில்லை. ராத்திரி அடுப்படியை மெழுகிக்கொண்டே, "வெள்ளி போனாப் போகட்டும். அத்தை பேரை மட்டுமாவது ஒரு காகிதத்துல ஒத்தி எடுத்து வெச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அந்த வார்த்தை என் மனசில் அப்படியே தங்கிவிட்டது.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் ஓர் ஏலக் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தேன். ஏலத்துக்கு முன்னாலேயே சாமான்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். வெற்றிலைப் பெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், சந்தனப் பேலா, குங்குமச் சிமிழ், கிலுகிலுப்பை... நம் பாட்டிமார்களின் வாழ்க்கை முழுவதும் ஒரு நீள மேஜையில் பரத்திக் கிடந்தது.

ஏலம் ஆரம்பித்ததும் ஒன்று புரிந்தது. அங்கே இரண்டு வகை மனிதர்கள் வருகிறார்கள். ஒருவர் தராசுக்காரர், அவருக்குப் பெட்டியும் ஒன்றுதான், கரண்டியும் ஒன்றுதான். உருக்கினால் எவ்வளவு தேறும் என்பதே கணக்கு. மற்றவர் பொருளுக்காக வருகிறவர். தராசுக்காரர் நிறுத்துகிற இடத்தில் அவர் ஆரம்பிப்பார்.

அன்று ஒரு சின்னப் பாலாடை வந்தது. தராசுக்காரர்கள் எடைக்கு மேல் ஏறவில்லை. நான் கொஞ்சம் கூட்டிக் கேட்டேன், கிடைத்தது. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், மூக்குப் பக்கம் சின்னச் சின்னப் பள்ளங்கள். பல் முளைக்கிற குழந்தை கடித்த தழும்பு! அடியில் இரண்டு எழுத்துகள். யார் வீட்டுக் குழந்தையோ! இன்றைக்கு அதற்குப் பேரன் பேத்தியே இருக்கலாம். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சப்பிப் போனதுக்கு இத்தனை சந்தோஷமா?" என்றார். நான் வாங்கியிராவிட்டால் அந்த வாரமே மூசையில் உருகியிருக்கும் என்றேன். அதற்குப் பிறகு இவர் கேலி செய்வதில்லை.

பழைய வெள்ளிக்கு ஏலத்தில் மதிப்பு எப்படி ஏறுகிறது என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. மவுண்ட் ரோடில் கடிகாரக் கடையாக நாம் அறிந்த பி. ஆர் அண்ட் சன்ஸ், 19-ம் நூற்றாண்டில் வெள்ளி வேலைக்கும் பெயர் பெற்றிருந்தது. தேநீர்க் கெண்டி, பால் ஜாடி என்று வெள்ளைக்காரர் உபயோகிக்கும் சாமான்களில் நம் தெய்வ உருவங்களைப் புடைப்பாகத் தட்டி எழுப்பிய அந்த வேலைக்கு 'சுவாமி வெள்ளி' என்றே பெயர். வேல்ஸ் இளவரசர் 1875-76-ல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது அவருக்குக் கிடைத்த பரிசுகளில் சுவாமி வெள்ளியும் இருந்தது. லண்டன் ஏலங்களில் இன்றும் இது வந்தால் சேகரிப்பவர்கள் போட்டி போடுகிறார்கள். காரணம் எடை அல்ல. செய்த கம்பெனியின் முத்திரை இருக்கிறது; செட் முழுசாக இருக்கிறது; தேய்த்துத் தேய்த்து உருவம் மழுங்காமல் இருக்கிறது; யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வரலாறு இருக்கிறது. உளி பிடித்த நம் கைவினைஞர்களில் அநேகர் பெயர்தான் அதில் இல்லை.

நம் வீட்டுச் சாமானுக்கு அந்த விலை வராது. பெரும்பாலும் எடைதான் விலை. ஆனாலும் கடையில் போட்டுப் புதுசு எடுக்கும் முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

'ஜெர்மன் சில்வர்' என்பதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. 'ஈ.பி.என்.எஸ்.' என்று அடித்திருந்தால் அந்த உலோகத்தின் மேல் வெள்ளி முலாம், அவ்வளவுதான். நடக்கும் சிங்கம் பொறித்திருந்தால் 92.5 சதவீத வெள்ளிக்கான இங்கிலாந்து முத்திரை. பக்கத்தில் சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில் சோதித்தது. நம் பத்தர் செய்த பழைய சாமான்களில் இப்படி எதுவும் இருக்காது. நம்பிக்கையான கடையில் உரைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏலத்துக்குப் போவதானால் முதல் நாளே பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். எழுத்தை ராவி எடுத்த இடத்தில் தகடு மெலிந்து, விரலுக்குப் பள்ளம் தெரியும். அங்கே மதிப்புக் குறையும். உங்கள் உச்ச விலையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். கேட்ட விலைக்கு மேல் கூடத்தின் கமிஷனும் வரியும் சேரும் என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்று: 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ம் வருஷச் சட்டம் நம்மை அனுமதிப்பதில்லை. அமெரிக்காவிலிருக்கும் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று எண்ணி வாங்காதீர்கள்.

வெள்ளி கறுப்பது துருவல்ல. காற்றிலுள்ள கந்தகத்தால் வருவது. அதனால் முட்டை, ரப்பர் பாண்டு, கம்பளித் துணி மூன்றும் அருகில் கூடாது. உப்பு பட்டால் அரித்துப் புள்ளி விழும். நைசாகச் சலித்த திருநீற்றால் மெல்லத் துடைத்து, கழுவி, ஈரம் போக்கி, மல் துணியில் சுற்றி வையுங்கள். சித்திர வேலையின் இடுக்கில் படிந்த கறுப்பை விட்டுவிடுங்கள், அழகே அதில்தான். இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பாலாடையில் பற்றவைத்த இடத்தில் என்ன உலோகம் கலந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. குழந்தைக்குப் புகட்டப் புதிதாக ஒன்று வாங்குங்கள். பழையதை அலமாரியில் வையுங்கள்.

எங்கள் பன்னீர்ச் சொம்பை நான் தேடிப் போகவில்லை. அது என்றைக்கோ உருகி யார் காலிலோ கொலுசாக இருக்கும், இருக்கட்டும். என்னிடம் சேர்ந்திருக்கும் சாமான்கள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் கஷ்டத்தாலோ, பாகப்பிரிவினையாலோ வெளியே வந்தவை. கண்ணீரோடு போனதை மரியாதையோடு வைத்துக் கொள்ள ஒருத்தி இருக்கிறாள், அவ்வளவுதான்.

வெள்ளியை வைத்துக் கொள்வதும் விற்பதும் அவரவர் தேவை. பிள்ளை படிப்புக்கும் வைத்தியத்துக்கும் உதவாத வெள்ளி எதற்கு? ஆனால் கையை விட்டுப் போகும் முன், பெயர் வெட்டிய இடத்தில் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எழுத்து அப்படியே பதிந்து வரும். இது இன்னாருடையது, இன்ன வருஷம் வந்தது, இன்ன காரியத்துக்காகப் போனது என்று கீழே இரண்டு வரி எழுதி, குழந்தைகளின் ஜாதகத்தோடு வையுங்கள். அதற்குச் செலவு ஒரு காகிதம்தான்.